நாசி லெமாக் ரப்பர்

நாசி லெமாக் பொட்டலத்தைச் சுற்றி வருகிற சிவப்பு ரப்பர் வளையத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சிரிக்காதீர்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். காலையில் அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. வாழை இலை, அதன்மேல் பழைய செய்தித்தாள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தபடி அந்த வளையம். மற்றவர்கள் அதை உருவிக் குப்பையில் போடுவார்கள், அல்லது சமையலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டி வைப்பார்கள். நான் அதை விரலில் வைத்துக்கொண்டு ஒரு கணம் பல்லைக் கடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். காரணம் என் அண்ணன் சொல்லும் ஒரு கதை. கல்யாண வீடு, காதுகுத்து, தீபாவளி விருந்து, எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் அதை எடுத்துவிடுவார். "நாசி லெமாக் ரப்பரால கை ஒடஞ்ச ஒரே மனுசன் இந்தப் பினாங்குலயே நான்தான்லா!" என்று தொடங்குவார். கூட்டம் சிரிக்கும். கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, "அவ மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த மோட்டார்ல ஏறியிருப்பேனா?" என்று முடிப்பார். 'அவ' என்பது என் அண்ணி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அவரும் அண்ணனும் பாயான் லெப்பாசில் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அண்ணன் இயந்திரப் பராமரிப்பு. அண்ணி நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய கம்பியைப் பொருத்துகிற வேலை. பார்த்துப் பழகி, பிடிவாதம் பிடித்துச் செய்துகொண்ட கல்யாணம். எங்கள் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குமாஸ்தா உத்தியோகத்தின் கௌரவத்தை அப்பாவை விட அம்மாதான் அதிகம் சுமந்தாள். அண்ணி சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். அம்மாவுக்கு அண்ணியின் பெயர் வாயில் வராது, 'தோட்டத்துப் பொண்ணு' என்பதுதான் வரும். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அண்ணி அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைச் செம்மண் சாலையில் ஓட்டிப் பழகியவர். அது தெரிந்ததும் அம்மா, "இட்லி அவிக்கத் தெரியுதோ இல்லையோ, கியர் போடத் தெரியுது" என்றாள். அண்ணி அசரவில்லை. "இட்லியும் தெரியும் அத்தே. ஆனா இட்லிய ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போக முடியாதே" என்றார். நான் அன்றைக்கே அண்ணியின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அண்ணனுக்கு அப்போது ஒரே பைத்தியம், காட்டுமேட்டில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள். எங்கள் ஊரில் மோட்டார் என்றாலே அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், அவரும் மோட்டார் சங்கத்து நண்பர்களும் ஒரு லாரியில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போய்விடுவார்கள். சுங்கை பாக்காப்புக்கு அப்பால், செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்தின் ஓரத்தில், மண் எடுத்துக் கைவிட்ட ஒரு பெரிய மேட்டு நிலம் இருந்தது. அங்கே குதிப்பார்கள், விழுவார்கள், சேறு பூசிக்கொண்டு பொழுது சாய்ந்து வீடு வருவார்கள். ஓராண்டு வேடிக்கை பார்த்த அண்ணி, தன் சம்பளத்தில் தனக்கென்று ஒரு மோட்டார் வாங்கினார். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஓர் ஆஸ்திரேலியர் விற்றது. அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசற்படியில் குனிந்துதான் நுழைந்தார். அண்ணி அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டார். நனைந்த சேலையோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோ தாண்டாத உடம்பு. வண்டி நல்ல வண்டி. ஆனால் அந்த வண்டிக்குள் அந்த ஆஸ்திரேலியர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

அண்ணி அதை மேட்டு நிலத்தில் ஓட்டிய முதல் நாளே கை மரத்துப்போய்த் திரும்பினார். தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் மேசையில் வைத்துக் குனிந்து உறிஞ்சினார். சின்னக் கல்லில் ஏறினால்கூட முன்சக்கரம் கல்லை உதைத்து ஒதுங்குகிறது, ஒவ்வொரு அடியும் நேராகத் தோளுக்கு வருகிறது என்றார். அண்ணனின் நண்பர்களுக்குச் சிரிப்பு. "அண்ணி, இதுக்கெல்லாம் கையில பலம் வேணும்" என்றார்கள். "வீட்டுல நல்லா மாவு ஆட்டுங்க, சரியாப் போயிடும்." சங்கத்தின் செயலாளர் ஒருவர் இருந்தார், கனத்த ஆள், கழுத்தில் தங்கச் சங்கிலி. அவர் வண்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, முன்பக்கம் இன்னும் இறுக்கமாக வேண்டும் என்று தீர்ப்பு வழங்கினார். கெட்டியாக இருப்பதுதான் பலம் என்பது அந்தக் கூட்டத்தின் வேதம். யார் வண்டி எப்படி ஆடினாலும் மருந்து ஒன்றே: இன்னும் தடித்த எண்ணெயை ஊற்று. அண்ணனும் அப்படியே இயந்திர எண்ணெயில் மிகத் தடித்ததாகப் பார்த்து ஊற்றிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அண்ணிக்குத் தலை சீவக்கூடக் கை தூக்க முடியவில்லை. நான்தான் சடை போட்டுவிட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது?" என்றாள் அம்மா. பலம் இல்லை, பலம் இல்லை என்று வீடும் வெளியும் ஒரே பாட்டு. தோட்டத்தில் ரப்பர்ப் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கி வளர்ந்த கைகள் அவை. அதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் முன்சக்கரத்தை இரண்டு கால்கள் பிடித்திருக்கும். அதைத்தான் ஃபோர்க் என்பார்கள். ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய். உள்ளே நீளமான ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், எண்ணெய்க்கு மேலே சிறைப்பட்ட காற்று. சக்கரம் மேட்டில் ஏறும்போது குழாய் அமுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு, மெல்லத் திரும்பி எழ வேண்டும். எண்ணெய் தடித்தால் அமுங்க மறுக்கும். எண்ணெயின் மட்டம் உயர்ந்தால் காற்றுக்கு இடம் குறைந்து இன்னும் முரண்டு பிடிக்கும். எவ்வளவு அமுங்க வேண்டும் என்பது மேலே உட்காருபவரின் எடையைப் பொறுத்தது. இவ்வளவுதான். இதில் ஆண் பெண் எங்கே வந்தது? ஒரு பெரிய ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை ஒரு சின்ன உடம்புக்கு மாட்டிவிட்டு, சட்டை நிற்கவில்லையே, உனக்குத் தோளே இல்லையா என்று கேட்பதா? உலகத்தில் பாதிப் பொருளை ஒரே மாதிரி ஆளுக்காகச் செய்துவிட்டு, மற்றவர்களைப் பலவீனம் என்கிறார்கள். எனக்கு இப்போதும் எழுதும்போது காது சூடாகிறது.

அண்ணி புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஒரு விடுமுறை நாளில், பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் வண்டியை ஒரு பெட்டிமேல் நிறுத்தி, ஃபோர்க்கைக் கழற்றினார். உள்ளிருந்த எண்ணெய் கருப்பட்டிப் பாகு போல இறங்கியது. மெல்லிய எண்ணெய் வாங்கி வைத்திருந்தார். ஆனால் இரண்டு காலிலும் அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும்; அளக்க ஒன்றும் அகப்படவில்லை. நேரே போய் அலமாரியைத் திறந்து, அம்மா வாங்கி வைத்திருந்த பிள்ளைப் பால் போத்தலை எடுத்து வந்துவிட்டார். கல்யாணமாகி ஓராண்டு முடிந்த மறுநாளே அம்மா வாங்கி, யார் கண்ணிலும் படும்படி அலமாரியின் முன்வரிசையில் வைத்த போத்தல் அது. அம்மாவின் குறிப்புகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அண்ணி அதன் கோடுகளைப் பார்த்துப் பார்த்து எண்ணெய் ஊற்றினார். ஊற்றியபின் மட்டம் பார்க்க, முந்தின நாள் சாப்பிட்ட சத்தே இறைச்சியைக் கோத்திருந்த மூங்கில் குச்சியைக் கழுவி உள்ளே விட்டு எடுத்தார். அம்மா வந்து பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுச் சீனத்துப் பாட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "பேரப்புள்ளைக்கு வச்ச போத்தல்ல எண்ணெய ஊத்துறாளே! இவ வெளங்குவாளா?" அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, "பேரப்புள்ள வரும்போது புதுசா வாங்கலாம் அத்தே. இது சும்மாத்தானே இருந்துச்சு" என்றார். அம்மா மூன்று நாள் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

அடுத்து வந்ததுதான் இந்த ரப்பர் வளையம். ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று ஓட்டுகிறபோது குனிந்து பார்க்க முடியாது. பார்த்தால் பல்லு போய்விடும். ஒரு ஞாயிறு காலை மேட்டு நிலத்தில் பசியாறிக்கொண்டிருந்தோம். அண்ணி பொட்டலத்தின் ரப்பரை உருவினார், ஒரு கணம் அதையே பார்த்தார், பல்லால் கடித்து அறுத்தார். எழுந்து போய் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயைச் சுற்றி அதை இறுக்கமாக முடிச்சுப் போட்டு, அடிவரை தள்ளிவிட்டார். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ரப்பர் மேலே ஏறி நின்றது. குழாய் அமுங்கும்போது கீழ்க்குழாய் அதைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி எழும்போது ரப்பர் அங்கேயே நின்றுவிடும். எதுவரை அமுங்கியது என்பதற்கு அது சாட்சி. அதற்கு வேறு வேலை கிடையாது. அண்ணி உட்கார்ந்தால் எவ்வளவு தாழ்கிறது என்று அளப்பது என் வேலை. நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சர். ஞாயிறு ஆனால் அம்மாவின் தையல் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இந்த உத்தியோகம். அண்ணி உட்காருவார், நான் அளப்பேன். இறங்குவார், மறுபடி அளப்பேன். உள்ளே ஸ்பிரிங்குக்கு மேல் வைத்து அழுத்தப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தார். அதை ஒருமுறை கொஞ்சம் அறுப்பார், ஒருமுறை எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். ரெண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடுமாம்.

சில மாதங்களில் கை மரத்தது போயிற்று. முன்சக்கரம் கல்லை உதைப்பதை விட்டு, அதைத் தடவிக்கொண்டு போனது. அண்ணி எழுந்து நின்று ஓட்டும்போது அவர் தலை ஒரே மட்டத்தில் போவதைப் பார்ப்பேன்; கீழே சக்கரம் மட்டும் தாவித் தாவிப் போகும். வளைவில் சங்கத்து ஆட்களில் பாதிப் பேரைத் தாண்டினார். இப்போது பாட்டு மாறியது. "அது வண்டி நல்ல வண்டி, ஆஸ்திரேலியாக்காரன் வச்சிருந்த வண்டிலா" என்றார்கள். ஓட்ட முடியாதபோது குற்றம் அண்ணியின் கையில். ஓட்ட முடிந்தபோது பெருமை வண்டிக்கு! தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் திறந்து ஓராண்டு இருக்கும், சங்கம் அந்த மேட்டு நிலத்தில் ஒரு பந்தயம் வைத்தது. புதிதாகப் பந்தயத்துக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு பிரிவு. பெண்கள் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஒரு பெண் வந்து பெயர் கொடுப்பாள் என்று எவனுக்கும் தோன்றாததால் விதி போடவில்லை. அண்ணி பெயர் கொடுத்தார். அண்ணன் அன்று உண்மையிலேயே மகிழ்ந்தார். "எம் பொண்டாட்டி ஓட்டுறா, பாருங்கடா" என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவந்தார். அதை மறைத்தால் நான் எழுதுவது நியாயமாகாது.

பந்தயத்தன்று அண்ணியின் தோட்டமே வந்திருந்தது என்று சொல்லலாம். அவர் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்குத் துண்டு கட்டி, ஒரு செம்பனை மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா, அத்தைமார், தோட்டத்துப் பிள்ளைகள், அடுக்குச் சட்டியில் கோழிக்கறி. மகள் ஓட்டுவதைப் பார்க்க வந்தவர்கள். யாரோ முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அண்ணி ஏற்றி நசுக்கினார். பிறகு வழக்கம்போல ரப்பரை அடிவரை தள்ளிவிட்டார். காலையில் அண்ணனின் பிரிவு, மதியத்துக்குமேல் அண்ணியின் பிரிவு. அண்ணனுடைய வண்டி ஒத்திகைச் சுற்றிலேயே கிளச் கருகி நின்றுவிட்டது. அவர் அதை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வந்தார். நேரே அண்ணியின் வண்டிக்குத்தான் வந்தார். "ஒரே ஒரு ரேஸ்லா. முடிச்சிட்டுத் தந்துடுறேன். நம்ம வண்டிதானே?" என்றார்.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். அண்ணி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில், தையல் நாடாவோடு நின்றேன். அண்ணி சொன்னது இது: "வேணாங்க. இது என் எடைக்கு வச்சது. நீங்க ஏறினா ஃபோர்க் அடிவரைக்கும் போய் முட்டும்." அண்ணன் முன்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தி, "ஆகா, மெத்தை மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அண்ணி விடவில்லை. குரலை உயர்த்தினார். "விளையாட்டில்லங்க. அப்படியே ஓட்டினாலும் அந்தப் பெரிய மேட்டுல மட்டும் குதிக்காதீங்க. இறங்குறப்ப தாங்காது." பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னார். செயலாளர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "என்னா பாஸ், வீட்டுல பெர்மிட் கெடைக்கலியா?" என்றார். அவ்வளவுதான், அண்ணனின் முகம் மாறிவிட்டது. "எல்லாம் எனக்குத் தெரியும். நீ போயி உங்கப்பாவுக்குத் தண்ணி குடு" என்று அண்ணியின் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வண்டியை உதைத்துக் கிளப்பினார். போய்விட்டார்.

இரண்டாம் சுற்றில் பெரிய மேட்டில் குதித்தார். எண்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத ஆள், உயரத்திலிருந்து முன்சக்கரத்தின்மேல் இறங்கினால் என்ன ஆகும்? இரும்போடு இரும்பு மோதிய சத்தம் மரத்தடி வரை கேட்டது. கைப்பிடி ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, அண்ணன் அதற்கு மேலாகப் போய் விழுந்தார். நல்ல வேளை, இடது மணிக்கட்டு மட்டும்தான். எல்லாரும் ஓடினோம். அண்ணி அவர் தலையை மடியில் வைத்து, கையைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் கவிழ்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தினார். ஃபோர்க்குழாயின் உச்சியில், மேலே இனி இடமில்லை என்ற இடத்தில், அந்தச் சிவப்பு ரப்பர் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபோர்க் அடிவரை போனது, அண்ணி சொன்னது சொன்னபடி நடந்தது என்று அதைவிடத் தெளிவாக ஒரு பொருள் எப்படிச் சொல்லும்? செயலாளர் அதைப் பிடித்து இழுத்து அறுத்து, உயரத் தூக்கிக் காட்டினார். "இதோ! ரப்பர்! இதுதான் போயி சிக்கிக்கிச்சு! யாருலா இத இங்க கட்டினது?"

ஒரு நாசி லெமாக் ரப்பர், இரண்டு விரலால் அறுக்கக்கூடிய ரப்பர், ஒரு மோட்டாரின் ஃபோர்க்கைச் சிக்கவைத்துவிட்டதாம்! இதைச் சொன்னவர்கள் வாரம் தவறாமல் மோட்டார் ஓட்டுகிறவர்கள். ஆனால் தலைகள் ஆடின. ஆமாம், ரப்பர்தான். பாரு, பொம்பள கைய வச்சா இப்படித்தான். அண்ணி அண்ணனின் தலையை மடியில் வைத்தபடியே, "அது அளவு பாக்குறதுக்கு. அது சிக்காது. அழுத்தினா தானா மேல போகும்" என்றார். "ஏன் யம்மா, இது என்னா நாசி லெமாக் கடையா?" என்றார் செயலாளர். சிரித்தார்கள். ஒருவன் கை ஒடிந்து மண்ணில் கிடக்கிறான், சிரித்தார்கள். நான் கத்தினேன். அண்ணி வேண்டாம் என்று சொன்னது உங்கள் காதில் விழவில்லையா, நீங்கள்தானே பக்கத்தில் நின்றீர்கள் என்று செயலாளரைப் பார்த்துக் கேட்டேன். "தங்கச்சி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று பதில் வந்தது. வலி தாங்காமல் கண்ணை மூடிக் கிடந்த அண்ணன் அதையெல்லாம் கேட்டாரா, இல்லையா? ரப்பர் என்ற சொல் மட்டும் அவர் காதில் நன்றாக விழுந்திருக்கிறது.

வண்டியின் கைப்பிடி வளைந்துவிட்டது. அண்ணியின் பந்தயம் அவர் இல்லாமலே நடந்தது. அண்ணனை ஏற்றிய காரில் இடம் போதாமல் நாங்கள் இருவரும் வேறு கார் பார்க்க நின்றோம். அப்போது அண்ணியின் அப்பா மெதுவாக நடந்து வந்தார். துண்டு இன்னும் தலையில் இருந்தது. "அப்ப நீ ஓட்டலியாம்மா?" என்றார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். அத்தனை பேர் சிரித்தபோது கலங்காதவர், அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அம்மா வேறு காத்திருந்தாள். "எம் புள்ள கைய ஒடிச்சிட்டியே" என்றாள், வராந்தாவில் எல்லாரும் கேட்க. அதற்குப் பிறகு சங்கம் கூடி, கணவன் மனைவி ஒரே வண்டியைப் பகிர்வதால் ஆபத்து என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி, அடுத்த பந்தயத்தில் அண்ணியின் பெயரை எடுத்துவிட்டது. அண்ணி போய்ப் பேசினார். அண்ணனையும் பேசச் சொன்னார். கட்டுப் போட்ட கையோடு அண்ணன், "விடுலா, இன்னொரு வருசம் பாப்போம்" என்றார். அடுத்த வருடம் வயிற்றில் பிள்ளை. அம்மா புதுப் போத்தல் வாங்கினாள். அண்ணி அதன் பிறகு பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கொடுக்க விடவில்லை என்பதுதான் சரி.

அண்ணன் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்தைக் கடன்பட்டு நடத்தியவர். அப்பா படுத்த படுக்கையானபோது மலம் அள்ளியவர். கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, தூ என்று துப்பிவிட்டுப் போயிருப்பேன். சிரிக்கச் சிரிக்கப் பேசும் ஒரு நல்ல மனிதர், தன் தவறைச் சுமக்க மனமில்லாமல் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி, பெண்டாட்டியின் தலையில் வைத்துவிட்டார். அவள்தான் ரப்பர் கட்டினாள், அவள்தான் சொல்லவில்லை. வருடத்துக்கு வருடம் கதை மெருகேறியது. பையன்கள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். மருமகளும் கேட்டுச் சிரித்தாள். வாய் திறக்காத ஒருத்தியை ஊமை என்றால் பரவாயில்லை. வாய் கிழியச் சொன்னவளை ஊமை என்றால்? அண்ணி அந்த நேரங்களில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். முதல் சில வருடங்கள் "நான் சொன்னேன்" என்று குறுக்கே சொல்லிப் பார்த்தார். "ஆமா ஆமா, சொன்னே" என்று கண்ணடிப்பார் அண்ணன். அதற்கும் சிரிப்பு. அப்புறம் எழுந்து போவதோடு நிறுத்திக்கொண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் அண்ணனுக்கு மணிவிழா நடந்தது. அதற்கென்றே பையன்கள் அந்தப் பழைய மோட்டாருக்குப் புதுச் சாயம் அடித்து, குழாயெல்லாம் மின்னும்படி செய்து, வீட்டு முன்கூரையின் கீழ் நிறுத்தியிருந்தார்கள். 'அப்பாவின் மோட்டார்' என்று ஒரு அட்டை வேறு. அது யாருடைய மோட்டார்? விழாவுக்கு மறுநாள் காலை, வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தோம். எல்லாரும் முன்கூரையின் கீழ் அங்கங்கே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். சம்பந்தி வீட்டார் ஒருவர் மோட்டாரைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. "நாசி லெமாக் ரப்பரால கை ஒடஞ்ச ஒரே மனுசன்..." என்று தொடங்கினார் அண்ணன், கையில் ஒரு ரப்பரை ஆட்டிக்கொண்டே. கதை போய் முடிந்தது. குரல் இறங்கியது. "அவ மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அண்ணி சொன்னாங்க" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க எடைக்குத் தாங்காதுன்னு சொன்னாங்க. பெரிய மேட்டுல குதிக்காதீங்கன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னேன்." அண்ணன் சிரித்தார். "நீ அப்ப சின்னப் பொண்ணு. உனக்கு என்னா ஞாபகம் இருக்கப் போவுது?" எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றேன்.   சம்பந்தி வீட்டார் தலையைக் குனிந்து மிளகாய்ச் சம்பாலைக் கிளறினார்கள்.

அண்ணி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். இந்த முறை உள்ளே போகவில்லை. தட்டைத் தரையில் வைத்தார். என் பொட்டலத்தில் இருந்த ரப்பரை உருவினார், பல்லால் கடித்து அறுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மோட்டாருக்கு முன்னால் குனிந்து, ஃபோர்க்குழாயைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அடிவரை தள்ளினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் அந்த விரல்கள் யோசிக்கவே இல்லை. பிறகு நிமிர்ந்து, தன் புருசனைப் பார்த்தார்.

"ரப்பர்தானே உங்க கைய ஒடிச்சுது? ஏறி உக்காருங்க. அது சிக்குதா, மேல போவுதான்னு எல்லாரும் பாக்கட்டும்."

அண்ணன் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. சின்னவன், "ஏறுங்கப்பா" என்றான், விளையாட்டாகத்தான். "இப்ப எதுக்குலா அதெல்லாம்? முட்டி வலிக்குது" என்றார் அண்ணன். அண்ணி காத்திருந்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. இலையில் இருந்த நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அண்ணி தட்டைத் தூக்கி, ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்தார். அண்ணனுக்கும் கொடுத்தார்.

அதன் பிறகு அந்தக் கதையை நான் கேட்டதில்லை. நான் இல்லாத இடத்தில் சொல்கிறாரோ என்னவோ. மன்னிப்பு என்று ஒன்றும் நடக்கவில்லை; அந்தப் பந்தயமும் அண்ணிக்குத் திரும்பி வரவில்லை. அண்ணியின் அப்பா மகள் பந்தயம் ஓட்டிப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். என் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முதலில் மோட்டாரைத்தான் பார்ப்பேன். அண்ணன் ஞாயிறுதோறும் அதைத் துடைக்கிறார். எல்லா இடத்தையும் துடைத்துவிட்டு ஃபோர்க்கை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறார். ரப்பர் அடியில், அண்ணி தள்ளிவிட்ட இடத்திலேயே இருக்கிறது. வெயிலில் காய்ந்து அறுந்தால் அண்ணி வேறொன்று கட்டிவிடுகிறார். பினாங்கில் நாசி லெமாக்குக்குப் பஞ்சமா என்ன?